ட்ரெமொலோ கிட்டார் வாங்கியாச்சு, சுருதி ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

புதிதாக எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்ததும் செய்கிற காரியம் ஒன்றுதான். ஆறு கம்பியையும் ஒழுங்காகச் சுருதி சேர்ப்பார்கள். பிறகு பிரிட்ஜில், அதாவது உடல்மேல் கம்பிகளைத் தாங்குகிற குதிரையில், செருகியிருக்கிற அந்த வளைந்த கைப்பிடியைப் பிடித்து ஒரு அமுக்கு. கம்பிகள் தொளதொளவென்று தளர்ந்து, ஒலி பாதாளத்துக்குப் போய்த் திரும்பும். ஆகா என்று இருக்கும். அடுத்து ஒரு கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு) வாசித்தால் கிட்டார் முழுக்க அபஸ்வரம். பாதிப் பேர் அன்றைக்கே அந்தக் கைப்பிடியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள்.

நானும் போட்டவன்தான். இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, நான் திட்டிக்கொண்டிருந்த பிரிட்ஜ் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது என்று. கோளாறு மறுமுனையில், கழுத்தின் உச்சியில் கம்பிகள் பள்ளங்களில் உட்கார்ந்து போகிற நட் என்ற சிறு பட்டையில் இருந்தது. மூன்றாம் கம்பி அதன் பள்ளத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு ஒரு பென்சில்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட விஷயங்களைப் பற்றியது. உங்கள் கிட்டாரில் இருப்பது எந்த வகை, அது எப்படி வேலை செய்கிறது, சுருதி ஓடினால் எங்கே பார்ப்பது, எதை எவ்வளவு திருகுவது.

பெயர்க் குழப்பம் ஒன்று

முதலில் இதை முடித்துவிடலாம். இசையில் ட்ரெமொலோ என்றால் ஒலியின் அளவு கூடிக் குறைவது. சுருதி ஏறி இறங்கினால் அது வைப்ரேட்டோ. கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்ற கிட்டாரை வெளியிட்டபோது, சுருதியை மாற்றும் அமைப்புக்கு ட்ரெமொலோ என்று பெயர் வைத்துவிட்டார். அவருடைய கம்பெனி ஆம்ப்ளிஃபயர்களில் வைப்ரேட்டோ என்று எழுதியிருந்ததோ ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கிற வேலையைச் செய்தது. இரண்டும் இடம் மாறி அப்படியே நிலைத்துவிட்டன. நாமும் ட்ரெமொலோ என்றே சொல்வோம். கைப்பிடியை வாமி பார் என்பார்கள், சுருக்கமாக பார்.

தராசு மாதிரி

வீணையிலும் வயலினிலும் குதிரை நின்ற இடத்தில் நிற்கும். இங்கே குதிரையே ஆடுகிறது. ஆடிவிட்டு, கிளம்பின அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். அதோடு ஒவ்வொரு கம்பியும் நட் வழியாக எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவும் திரும்ப நகர வேண்டும். சுருதிப் பிரச்சினை மொத்தமும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

எவ்வளவு பாரம் என்று தெரிந்தால் விஷயம் விளங்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள 25.5 அங்குல நீளத்தில், 9-42 கம்பி செட்டை (மெல்லிய கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு, தடித்ததன் தடிமன் 42 பங்கு) சாதாரண சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ இழுக்கின்றன. 10-46 போட்டால் 46 கிலோவுக்குப் பக்கம், கிட்டத்தட்ட ஒரு சிமென்ட் மூட்டை. அந்த இழுவையைக் கிட்டாரின் முதுகுக் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்கின்றன. தராசின் ஒரு தட்டில் கம்பிகள், மறு தட்டில் ஸ்பிரிங்குகள்.

தராசு என்று புரிந்துவிட்டால் பல மர்மங்கள் தீர்ந்துவிடும். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் ஏன் மேலே ஏறுகின்றன? கம்பிப் பக்கம் பாரம் குறைந்தது, ஸ்பிரிங் ஜெயித்தது. ஆறாம் கம்பியை மட்டும் ஒரு ஸ்வரம் இறக்கினால் மற்றவை ஏன் பிசகுகின்றன? அதே கதை. 9 போட்டிருந்த கிட்டாருக்கு 10 போட்டதும் பிரிட்ஜ் ஏன் முன்னால் சாய்ந்து நிற்கிறது? அதுவும் அதேதான்.

உங்கள் கையில் இருப்பது எது?

ஸ்ட்ராட் வகைதான் எங்கும் அதிகம். முதல் கிட்டாராக வாங்கும் மலிவு விலை மாடல்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஒரு உலோகத் தகடு, அதன் முன்விளிம்பை ஆறு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். தகட்டுக்கு அடியில் கனமான ஒரு உலோகக் கட்டி, அதுதான் பிளாக். கம்பிகள் முதுகுப்பக்கத்திலிருந்து அதன் வழியாக ஏறி வரும். பிளாக்கில் மாட்டிய ஸ்பிரிங்குகளின் மறுமுனை ஒரு கொக்கித் தகட்டில் மாட்டியிருக்கும். அதற்கு கிளா என்று பெயர், இரண்டு நீள ஸ்க்ரூக்களால் மரத்தில் பிடித்திருக்கும். ஐந்து ஸ்பிரிங் வரை மாட்ட இடம் உண்டு. மூன்று போடுவதுதான் வழக்கம். ஆறு ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டு தடித்த போஸ்ட்களில் தகடு முட்டி நிற்கிற வடிவமும் உண்டு. ஃபெண்டரே 1980களின் பிற்பாதியில் அமெரிக்க மாடல்களில் அதற்கு மாறியது. தகடு தொடும் இடங்கள் குறைவு, அதனால் உராய்வும் குறைவு.

ஃபிளாய்ட் ரோஸ் வகை பார்த்தாலே தெரியும். நட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சிறு இரும்புப் பாளங்கள் கம்பிகளை அழுத்திப் பூட்டியிருக்கும். பிரிட்ஜிலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பூட்டு. ஃபிளாய்ட் ரோஸ் என்பது ஒரு மனிதரின் பெயர், கிட்டார் வாசித்தவர். 1970களின் பிற்பாதியில் இந்த அமைப்பை உருவாக்கி 1979-இல் காப்புரிமை பெற்றார். அவர் யோசனை நேரடியானது: கம்பி நட்டில் வழுக்குவதால்தானே பிரச்சினை, வழுக்கவே விடாமல் இரண்டு பக்கமும் பூட்டிவிட்டால்? இபனெஸ் கம்பெனியின் எட்ஜ் வரிசையும் இதே குடும்பம்தான்.

பிக்ஸ்பி இவற்றையெல்லாம் விட மூத்தது. கிட்டார் உடலுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் பளபளப்பான அலுமினியச் சட்டம், உருளை, பாருக்கு அடியில் ஒரே ஒரு குட்டையான ஸ்பிரிங். கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்பவரிடம், அமெரிக்க கன்ட்ரி இசைக் கலைஞர் மெர்ல் டிராவிஸ் தன் கிட்டாரிலிருந்த பழைய வைப்ரேட்டோவைக் கொண்டுவந்தார். சுருதி நிற்கவில்லை, சரிசெய்து கொடு என்றார். அதைச் சரிசெய்து பார்த்து அலுத்துப்போய் பிக்ஸ்பி புதிதாகச் செய்து கொடுத்ததுதான் இது. ஆக, நம் புகாருக்கு வயது முக்கால் நூற்றாண்டு.

1958-இல் வந்த ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரில் இன்னொரு வகை இருக்கிறது. அதையே 1962-இல் ஜாகுவாருக்கும் போட்டார்கள். இதில் கம்பியைப் பிடிக்கும் தகடு தனி, பிரிட்ஜ் தனி. மென்மையாக அலையும். பாதாளம் வரை போகாது.

எதை வாங்கலாம்?

இன்னும் வாங்கவில்லை என்றால் என் கருத்து இது. முதல் கிட்டாருக்கு ட்ரெமொலோவே இல்லாத பிரிட்ஜ், அல்லது ஸ்ட்ராட் வகை. ஃபிளாய்ட் ரோஸ் வகை முதல் கிட்டாராக வேண்டவே வேண்டாம். அது கெட்டது என்பதால் இல்லை. பூட்டிய பிறகு அதைப் போலச் சுருதி நிற்பது வேறெதுவும் கிடையாது. ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் நீங்கள் வேறு வேறு சுருதியில் வாசித்துப் பார்ப்பீர்கள், கம்பி அறுப்பீர்கள், தடிமன் மாற்றுவீர்கள். ஒவ்வொன்றுக்கும் அது அரை மணி நேரம் கேட்கும். மலிவு கிட்டார்களில் வரும் நகல்களில், தகடு போஸ்ட்களில் முட்டி ஆடுகிற கத்திமுனை போன்ற விளிம்பை மெத்து உலோகத்தில் செய்கிறார்கள். ஓரிரு வருடத்தில் மழுங்கிவிடும். மழுங்கிய விளிம்பு அதே இடத்துக்குத் திரும்பாது.

அப்படி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, கல்லூரிக் கலைவிழா மேடையில் இரண்டாவது பாட்டில் முதல் கம்பி அறுந்து, மீதி ஐந்தும் ஏறிப்போய், மேடையோரம் நின்று மற்றவர்கள் வாசிப்பதை வேடிக்கை பார்த்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

சுருதி எங்கே ஓடுகிறது?

எதையும் திருகுவதற்கு முன் ஐந்து நிமிடம் பரிசோதனை செய்யுங்கள். ஒரு ட்யூனர், அதாவது சுருதி காட்டும் கருவி, வேண்டும். போன் ஆப் போதும்.

ஆறு கம்பியையும் சரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரை ஒருமுறை நன்றாக அமுக்கி, மெதுவாக விடுங்கள். இப்போது எந்தக் கம்பியையும் தொடாமல் ஒவ்வொன்றாகத் தட்டி ட்யூனரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எது ஏறியது, எது இறங்கியது?

ஆறும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு பிசகியிருந்தால் பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கத்திமுனை, ஸ்க்ரூக்கள், ஸ்பிரிங் பக்கம் பாருங்கள்.

ஒன்றிரண்டு மட்டும் மேலே ஏறியிருந்தால் நட்டில் கம்பி சிக்குகிறது. காரணம் சுவையானது. பாரை அமுக்கும்போது பிரிட்ஜுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள கம்பி தளர்கிறது. நட்டைத் தாண்டி, கம்பியைச் சுற்றி இறுக்குகிற டியூனிங் கீ பக்கம் இருக்கும் துண்டு இன்னும் விறைப்பாக இருப்பதால் கொஞ்சம் கம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பாரை விட்டதும் அது திரும்பிக் கொடுக்க வேண்டும். நட் பள்ளம் கம்பியைக் கவ்விப் பிடித்தால் கொடுக்காது. வாசிக்கும் பக்கம் கம்பி குறைந்துபோய் சுருதி ஏறி நிற்கும்.

இதற்கு நேர்மாறாக, விரலால் கம்பியைத் தள்ளி வளைத்து வாசித்த பிறகு அந்தக் கம்பி மட்டும் இறங்கிப் போகிறதா? அதுவும் நட்தான், எதிர்த் திசையில். இதைத் தெரிந்த பழைய ஸ்ட்ராட் வாத்தியக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள்: பெரிய வளைவுக்குப் பிறகு பாரை லேசாக ஒரு தட்டு தட்டி விடுவார்கள். சிக்கிய கம்பி பழைய இடத்துக்கு வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது ஸ்டைல் மாதிரி தெரியும்.

எப்போது பார்த்தாலும், என்ன செய்தாலும் கம்பி இறங்கிக்கொண்டே இருந்தால் அது டியூனிங் கீயில் நழுவுகிறது, அல்லது புதுக் கம்பி இன்னும் இழுபட்டு முடியவில்லை.

காதும் சொல்லும். டியூனிங் கீயை மெதுவாகத் திருப்பும்போது சுருதி ஏறாமலே இருந்து, திடீரென்று 'டிங்' என்ற சின்னச் சத்தத்தோடு தாவினால், கம்பி நட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

நட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

கம்பியைத் தளர்த்தி நட் பள்ளத்திலிருந்து பக்கத்தில் எடுத்து வையுங்கள். பழைய பல்துலக்கியால் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். கூராகச் சீவிய பென்சில் முனையைப் பள்ளத்துக்குள் விட்டு, கம்பி போகிற திசையிலேயே முன்னும் பின்னும் நன்றாகத் தேயுங்கள். பென்சிலின் கருப்பு கிராஃபைட், நல்ல உலர் மசகு. கம்பியைத் திரும்ப வைத்துச் சுருதி சேர்த்து மேலே சொன்ன பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். பத்தில் ஆறேழு கிட்டார்களுக்கு இதுவே போதும் என்பது என் அனுபவம். தலைப்பகுதியில் முதல் இரண்டு கம்பிகளை அமுக்கிப் பிடிக்கிற சின்னக் கொக்கியின் அடியிலும் இதே பென்சில் வைத்தியம்.

பென்சிலுக்கு மசியவில்லை என்றால் பள்ளமே குறுகலாக இருக்கலாம். தடித்த கம்பி செட்டுக்கு மாறியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பள்ளத்தை அகலப்படுத்த அதற்கென்றே தடிமன் வாரியாக அரம் இருக்கிறது. நீங்களே முயன்றால் மெல்லிய உப்புத்தாளை மடித்துப் பக்கச் சுவர்களை மட்டும் இரண்டு மூன்று தேய்ப்பு தேயுங்கள், அடித்தளத்தைத் தொடாதீர்கள். அடி இறங்கினால் திறந்த கம்பி முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டில்) தட்டி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும். ஒரு கடையில் என் கிட்டாருக்கு இதைத்தான் செய்து கொடுத்தார்கள், காசும் வாங்கிக்கொண்டு.

கிப்சன் கிட்டார்கள் போல இரு பக்கமும் மூன்று மூன்று டியூனிங் கீ உள்ள தலையில் நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்புகின்றன. அந்தத் திருப்பத்தில்தான் உராய்வு. பிக்ஸ்பி போட்ட கிட்டார்களில் மூன்றாம் கம்பி ஏன் எப்போதும் வம்பு செய்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இது.

கம்பி சுற்றுகிற முறை

டியூனிங் கீயில் எத்தனை சுற்று இருக்கிறதோ அத்தனை இடத்தில் கம்பி இறுகவும் தளரவும் வாய்ப்பு. தடித்த கம்பிக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக இறங்கட்டும். பூட்டுகிற டியூனிங் கீ இருந்தால் அரைச் சுற்றே போதும். ஸ்ட்ராட் வைத்திருப்பவர்கள் காசு செலவழிக்க நினைத்தால் முதலில் இதற்குச் செலவழிக்கலாம். ஷாலர், கோட்டோ, ஸ்பெர்செல் கம்பெனிகள் எல்லாம் இந்தக் கீகளைத் தயாரிக்கிறார்கள்.

புதுக் கம்பி மாட்டியதும் பன்னிரண்டாம் ஃபிரெட் பக்கத்தில் ஒவ்வொரு கம்பியையும் பிடித்து உடலிலிருந்து விலக்கி மெதுவாக இழுங்கள். சுருதி இறங்கும். சேருங்கள், மறுபடி இழுங்கள். இறங்குவது நிற்கும்வரை இதுதான் வேலை. ட்யூனரில் எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சேருங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

ஸ்ட்ராட்: படிய வைப்பதா, மிதக்க விடுவதா?

படிய வைப்பது என்றால் ஸ்பிரிங்கை இறுக்கி, தகடு கிட்டார் உடல்மேல் ஒட்டி உட்காரும்படி செய்வது. பாரை அமுக்கலாம், தூக்க முடியாது. கம்பி அறுந்தாலும் மற்றவை பிசகாது. புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். முதுகு மூடியைக் கழற்றி, கிளாவின் இரண்டு ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாகச் சமமாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் சுருதி சேருங்கள். தகடு படிந்த பிறகு மூன்றாம் கம்பியை ஒரு முழு ஸ்வரம் வளைத்துப் பாருங்கள். தகட்டின் பின்பகுதி தூக்கினால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், இல்லை நாலாவது ஸ்பிரிங் போடுங்கள். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஒரு படி மேலே போய் பிளாக்குக்கு அருகில் மரத்துண்டைச் செருகி ஆடவே விடாமல் நிறுத்திவிட்டார். பாரே வேண்டாம் என்பவர்களுக்கு அந்த வழி.

கிளாவில் ஒரு ஒயர் ஈயப்பற்று வைத்து ஒட்டியிருக்கும், கவனம். அது எர்த். ஸ்க்ரூ டிரைவர் பட்டு அறுந்தால் ஆம்ப்பில் இரைச்சல் ஏறும்.

மிதக்க விடுவது கொஞ்சம் பொறுமை கேட்கும், ஆனால் பலன் உண்டு. கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் வாசிப்பில் ஸ்வரம் பாட்டுக்குரல் போல நெளிந்ததற்கு மிதக்கும் பிரிட்ஜ் ஒரு காரணம். அவருடைய கிட்டாரில் நட்டும் உருளும் வகை. ஃபெண்டர் சொல்கிற அளவு: ஆறு ஸ்க்ரூ வகையில் தகட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து 3.2 மில்லிமீட்டர் உயரம், இரண்டு போஸ்ட் அமெரிக்க மாடல்களில் 2.4. அளக்க வெர்னியர் எல்லாம் வேண்டாம். ஆறு ஸ்க்ரூ வகைக்கு 3 மி.மீ. ஆலன் கீயின் (வளைந்த அறுகோணச் சாவியின்) தண்டு அடியில் நுழைந்தால் போதும்.

கஷ்டம் எங்கே என்றால், ஒரு கம்பியை ஏற்றினால் தராசு சாய்ந்து மற்றவை இறங்கும். அவற்றை ஏற்றினால் இது இறங்கும். சுற்றிச் சுற்றி வருவீர்கள். குறுக்கு வழி இது.

முதுகு மூடியைக் கழற்றுங்கள். பிளாக்குக்கும் அதன் பின்பக்கம், அதாவது கிட்டாரின் அடிப்பகுதியைப் பார்த்த பக்கம் இருக்கிற மரச் சுவருக்கும் இடையில் இடைவெளி தெரியும். தகடு நமக்கு வேண்டிய உயரத்தில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு, அந்த இடைவெளியில் பழைய ஏ.டி.எம். கார்டுத் துண்டுகளையோ ஐஸ் குச்சிகளையோ அடுக்கிச் செருகுங்கள். கிளா ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். இப்போது கம்பிகளின் இழுவை பிளாக்கை அந்த அடுக்கின்மேல் அழுத்திப் பிடித்திருக்கும், பிரிட்ஜ் அசையாது. சாதாரண கிட்டார் போல ஆறையும் சேர்த்துவிடலாம், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. கம்பிகளை இழுத்து இழுத்துச் சேர்த்து முடித்த பிறகு, கிளா ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் அந்த அடுக்கு லூசாகித் தானாகவே கீழே விழும். அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு தட்டும் சமம். முதல்முறை அந்தக் கார்டுத் துண்டு 'பொத்'தென்று மேஜையில் விழுந்து, ட்யூனரில் ஆறு கம்பியும் பச்சை காட்டியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆறு ஸ்க்ரூ வகையில் இன்னொன்றும் செய்யலாம். ஓரத்து இரண்டு ஸ்க்ரூக்களை மட்டும் தகட்டைத் தொடும்படி வைத்துவிட்டு, நடுவிலுள்ள நான்கையும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மேலே எடுத்துவிடுங்கள். ஆறு இடத்தில் உரசிக்கொண்டிருந்தது இரண்டு இடத்தில் மட்டும் சுழலும். தொடும் இடத்தில் ஒரு துளி வேஸ்லின்.

பார் அதன் துளையில் லொடலொடவென்று ஆடினால் பிளம்பர்கள் குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப்பை அதன் மரையில் இரண்டு சுற்று சுற்றித் திருகுங்கள். ஹார்டுவேர் கடையில் ஒரு சுருள் வாங்கினால் ஆயுசுக்கும் வரும்.

ஃபிளாய்ட் ரோஸ் வைத்திருந்தால்

கம்பியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் குழிக்குள் சரிந்துவிடும், பிறகு தராசை முதலிலிருந்து கட்ட வேண்டும். கம்பியின் நுனியிலுள்ள குண்டை கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய முனையைப் பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்குகிற சேடிலின் பூட்டுக்குள் விட்டு 3 மி.மீ. ஆலன் கீயால் இறுக்குவது வழக்கமான முறை. நான் தலைகீழாகச் செய்கிறேன். குண்டு டியூனிங் கீ பக்கம் இருக்கும்படி அங்கிருந்து கோத்து வந்து, வெறும் முனையைப் பிரிட்ஜில் பூட்டுகிறேன். கம்பி பெரும்பாலும் சேடிலில்தான் அறுகிறது. அறுந்தால் டியூனிங் கீயில் சுற்றியிருப்பதைக் கொஞ்சம் அவிழ்த்து மறுபடி பூட்டிவிடலாம், புதுக் கம்பி தேவையில்லை. இதற்காக மட்டும் இரண்டு சுற்று அதிகமாக விட்டு வைக்கிறேன்.

பூட்டை இறுக்குவதில் பலம் காட்டாதீர்கள். கம்பி நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் சின்னக் கட்டை விரிசல் விடும் அல்லது ஸ்க்ரூவின் மரை போகும்.

சுருதி சேர்க்கும் வரிசை முக்கியம். நட் பூட்டு திறந்திருக்க வேண்டும். பிரிட்ஜில் சுருதியை நுணுக்கமாகத் திருத்துகிற திருகுகளான ஃபைன் ட்யூனர் ஆறையும் நடுவாக்கில் வையுங்கள், மேலேயும் கீழேயும் போக இடம் வேண்டுமே. டியூனிங் கீயால் சேருங்கள், கம்பியை இழுங்கள், மறுபடி சேருங்கள். நாலைந்து சுற்று ஆகும். சேர்ந்த பிறகு பக்கத்திலிருந்து பாருங்கள், தகடு உடலுக்கு இணையாக நிற்க வேண்டும். பின்பக்கம் தூக்கியிருந்தால் கிளாவை இறுக்கவும், அமுங்கியிருந்தால் தளர்த்தவும். மறுபடி சுருதி. எல்லாம் சரியான பிறகே நட்டைப் பூட்டுங்கள். பூட்டும்போது சுருதி லேசாக ஏறும், அதை ஃபைன் ட்யூனரில் இறக்கிக்கொள்ளலாம்.

பூட்டிய பிறகு டியூனிங் கீயைத் தொடவே கூடாது. ஆரம்பத்தில் நான் நட்டைப் பூட்டிவிட்டு, ட்யூனரில் முள் அசையவில்லையே என்று டியூனிங் கீயைத் திருப்பிக்கொண்டே போனேன். கம்பி நட்டுக்கும் டியூனிங் கீக்கும் நடுவில் அறுந்து புறங்கையில் கோடு போட்டது.

உயரம் மாற்ற வேண்டுமானால் கம்பிகளைத் தளர்த்திவிட்டுப் போஸ்ட்களைத் திருப்புங்கள். முழு இழுவையில் திருப்பினால் போஸ்ட் கத்திமுனையைச் சுரண்டும். கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் இந்தத் தகட்டை உடல்மேல் படிய வைத்து, கீழே மட்டும் போகும்படி பயன்படுத்தினார். மிதவை தேவையில்லாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு.

இன்னொரு பழக்கம்: வலது உள்ளங்கையைப் பிரிட்ஜில் வைத்துக் கம்பிகளை அடக்கி வாசிக்கும்போது மிதக்கும் தகட்டின் பின்பக்கத்தை நம்மை அறியாமல் அழுத்திவிடுவோம். சுருதி ஏறும். பலர் இதை கிட்டாரின் கோளாறு என்று நினைத்து ஸ்பிரிங்கைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

பிக்ஸ்பி, ஜாஸ்மாஸ்டர்: சுருக்கமாக

பிக்ஸ்பியில் கம்பி மாட்டுவதற்கு மூன்று கை வேண்டும். குண்டை உருளையிலுள்ள முளையில் மாட்டி, உருளையைச் சுற்றிக் கொண்டுவருவதற்குள் அது கழன்றுவிடும். மாட்டும் முன் கம்பி நுனியை ஒரு பென்சிலின்மேல் சுற்றி வளைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நிற்கும். சில மாடல்களில் கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் இரண்டாவது உருளை ஒன்று உண்டு. அதனால் கம்பி பிரிட்ஜின்மேல் அதிகமாக அழுந்தி உராயும். அங்கே சேடில்களுக்கும் பென்சில், அதுவும் போதாவிட்டால் உருளும் சேடில் உள்ள பிரிட்ஜ்.

ஜாஸ்மாஸ்டர் தகட்டில் ஒரு சின்ன பொத்தான் நகரும். அது பூட்டு. சரியாக அமைத்தால் கம்பி அறுந்தாலும் மற்றவை ஏறாமல் தடுக்கும். சுருதி சேர்த்த பிறகு பொத்தானைத் தள்ளிப் பாருங்கள். சுருதி மாறாமல் பூட்டு விழ வேண்டும். மாறினால் தகட்டின் நடுவிலுள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரிசெய்யுங்கள். அதில் பிரிட்ஜ் முன்னும் பின்னும் லேசாகச் சாய்வது வடிவமைப்பே, கோளாறு இல்லை.

வியர்வை, கடற்காற்று, மேடை

சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் கம்பியும் ஸ்பிரிங்கும் கத்திமுனையும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி நட்டில் அரம் போல வேலை செய்யும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பிகளின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே மேடைக்குப் போனால் அரை மணி நேரம் முன்னாலேயே கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். சூடு ஏறியதும் கம்பிகள் தளரும், அதன்பின் சேர்த்தால்தான் நிற்கும்.

மிதக்கும் பிரிட்ஜில் மேடையில் கம்பி அறுந்தால் அவசர வைத்தியம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் பிளாக்கைக் கழுத்துப் பக்கமாக இழுத்திருக்கும். பிளாக்குக்கும் முன்பக்கச் சுவருக்கும் இடையில் ஏதாவது கெட்டியான பொருளைச் செருகி, தகட்டைப் பழைய உயரத்துக்குத் தள்ளி நிறுத்தினால் மீதி ஐந்தும் ஏறக்குறைய சுருதிக்கு வந்துவிடும். 9 வோல்ட் பேட்டரி பல கிட்டார்களில் கச்சிதமாக உட்காரும், எஃபெக்ட் பெடல் வைத்திருப்பவர்கள் பையில் அது எப்படியும் இருக்கும். இதற்காகவே என் கிட்டார்களின் முதுகு மூடியைத் திரும்பப் போடுவதில்லை. 3 மி.மீ. ஆலன் கீயையும் தலைப்பகுதிக்குப் பின்னால் இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் கலைவிழா மேடையில் அதைத் தேடி நாலு பேர் பையைக் கொட்டிக் கவிழ்த்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.